மன்னித்துவிட்டால் இணக்கம் வந்துவிடுமா? ‘பர்டன்’ படத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

இனவெறியில் ஊறிய ஒரு வெள்ளைக்காரர், அவரை மன்னிக்கும் ஒரு கறுப்பினப் போதகர், கடைசியில் இருவரும் ஒரே ஆலயத்தில். இந்தப் போக்கில் அமெரிக்காவில் கிறிஸ்தவப் படங்கள் நிறைய வந்திருக்கின்றன. பார்த்தவர்கள் நெகிழ்ந்துபோய் எழுதுகிறார்கள், நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள், வாலிபர் கூட்டங்களில் போட்டுக் காட்டுகிறார்கள். நல்லதுதான், நெகிழ வேண்டிய கதைகள்தான். ஆனால் அதற்கப்புறம் நடக்கும் பேச்சில் மன்னிப்பு, சமாதானம், நீதி, பொது மன்னிப்பு எல்லாம் ஒரே பொருள் என்பதுபோலக் கலந்துவிடுகின்றன. “அவங்களே மன்னிச்சுட்டாங்க, இனி எதுக்குப் பழசைக் கிளறணும்?” என்று கேட்கிறார்கள். “மன்னிச்சாச்சுன்னா அப்புறம் தண்டனை எதுக்கு?” என்றும் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்விகள் அடிபட்டவர்களைப் போய்த் தைக்கும். அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறேன். கையில் எடுத்துக்கொள்வது ‘பர்டன்’ என்ற படம், அதற்குப் பின்னால் நிஜமாக நடந்த கதை, கூடவே அதே மாநிலத்தில் நடந்த இன்னொரு சம்பவம்.

இறையியல் படித்தவர்களுக்குத் தேவையான நுணுக்கங்களை விட்டுவிடுகிறேன். இதற்கு முன் இதைப் பற்றி யோசித்தே பார்க்காத ஒருவருக்குப் புரிந்தால் போதும்.

முதலில், நடந்த கதை

தென் கரோலினா மாநிலத்தில் லாரன்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊரும் அது இருக்கும் மாவட்டமும் தாங்கியிருப்பது ஹென்றி லாரன்ஸ் என்பவரின் பெயரை. அவர் 18-ஆம் நூற்றாண்டில் அடிமை வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர். 1913-இல் அந்த ஊரில் ரிச்சர்ட் பக்கெட் என்ற கறுப்பினத்தவரை ஒரு கும்பல் ரயில் பாலத்தில் தூக்கிலிட்டுக் கொன்றது. விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. இறந்துபோன அவர், பின்னாளில் அதே ஊரில் போதகராக இருந்த டேவிட் கென்னடியின் குடும்பத்து முன்னோர்களில் ஒருவர்.

அந்த ஊரின் நடுவில், நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், எக்கோ என்று ஒரு பழைய சினிமா தியேட்டர் இருந்தது. கறுப்பினத்தவருக்குத் தனி இடம் என்று பிரித்து உட்காரவைத்த காலத்துத் தியேட்டர். 1996-இல் அந்தக் கட்டடத்தில் ‘ரெட்நெக் ஷாப்’ என்ற கடையைத் திறந்தார்கள். கூ க்ளக்ஸ் க்ளானைக் கொண்டாடும் பொருள்களை விற்கும் கடை, உள்ளே அதற்கொரு அருங்காட்சியகம். க்ளான் என்பது அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு 1865-ஐ ஒட்டித் தொடங்கிய ரகசிய அமைப்பு. வெள்ளையரே உயர்ந்தவர்கள் என்று சொல்லி, கறுப்பின மக்களை மிரட்டியும் அடித்தும் கொன்றும் வந்தது. அந்த அமைப்புக்கு ஊர் நடுவில், 1996-இல், பெயர்ப்பலகையோடு ஒரு கடை.

கடையை நடத்தியவர் ஜான் ஹோவர்ட் என்ற க்ளான் தலைவர். கட்டடம் மட்டும் அவருடைய சீடரைப்போல இருந்த மைக்கேல் பர்டன் என்ற இளைஞர் பெயரில் இருந்தது. போதகர் கென்னடி கடைக்கு எதிராகப் போராட்டம் நடத்தினார். இதற்கிடையே பர்டன் ஒரு பெண்ணை நேசித்தார், அந்தப் பெண் க்ளானை விட்டு வெளியே வரச் சொன்னார், பர்டனும் வந்துவிட்டார். வந்ததும் வேலை போனது, இருக்க இடம் போனது, சாப்பாட்டுக்கே வழியில்லாமல் நின்றார்கள். அப்போது அவர்களுக்குச் சோறு வாங்கிக் கொடுத்து, தங்க இடமும் ஏற்பாடு செய்தவர் கென்னடி. கென்னடியின் சபையில் எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. பிடிக்காமல் போனதில் என்ன தப்பு? தங்கள் குடும்பத்தை மிரட்டி வந்த அமைப்பின் ஆளைத் தங்கள் போதகரே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் யாருக்கும் வயிறு எரியும்.

1997-இல் பர்டன் அந்தக் கட்டடத்தை 1,000 டாலருக்குக் கென்னடியின் சபைக்கே விற்றுவிட்டார். க்ளான் கடை இருந்த கட்டடத்துக்குக் கறுப்பின ஆலயம் சொந்தக்காரர் ஆனது.

இந்தக் கதையை ‘பர்டன்’ என்ற படமாக எழுதி இயக்கியவர் ஆண்ட்ரூ ஹெக்லர். போதகராக ஃபாரஸ்ட் விட்டேக்கர், பர்டனாக கேரட் ஹெட்லண்ட். க்ளான் தலைவருக்கு மட்டும் படத்தில் வேறு பெயர், நடித்தவர் டாம் வில்கின்சன். 2018-இல் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது வாங்கியது. தியேட்டருக்கு வந்தது 2020 பிப்ரவரி கடைசியில், அடுத்த சில வாரங்களில் கொரோனாவால் தியேட்டர்களே மூடிவிட்டன. அதனால் பலர் இதைப் பின்னால் வீட்டில்தான் பார்த்தார்கள்.

படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்கள் மனதில் நிற்பது “மன்னிப்பு ஜெயித்தது” என்ற ஒரே வரி. உண்மையில் அங்கே நான்கைந்து வெவ்வேறு காரியங்கள் நடந்திருக்கின்றன, சில நடக்காமலும் போயிருக்கின்றன. அவற்றைப் பிரிக்க ஒரு சாதாரண உதாரணம் போதும்.

கைமாற்று வாங்கியவர் ஏமாற்றினால்

பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம் 50,000 ரூபாய் கைமாற்றாக வாங்குகிறார். சொன்ன தேதியில் தரவில்லை. கேட்டால் “நான் எங்கே வாங்கினேன்?” என்று சாதிக்கிறார். உங்களுக்குக் காசு போனது ஒரு பக்கம், அந்தப் பொய்யால் தூக்கம் போனது இன்னொரு பக்கம்.

ஒருநாள் நீங்களாக ஒரு முடிவுக்கு வருகிறீர்கள். இனி இதை நினைத்து வெந்துகொண்டிருக்க மாட்டேன், அவரைப் பழிவாங்க வழி தேட மாட்டேன், அவர் நாசமாகப் போகட்டும் என்று சபிக்க மாட்டேன். இதுதான் மன்னிப்பு. இதற்கு அவருடைய சம்மதம் தேவையில்லை, அவருக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை.

பிறகு ஒருநாள் அவர் வருகிறார். “அண்ணே, நான் வாங்கினது நிஜம், பொய் சொன்னேன், தப்பு பண்ணிட்டேன்” என்கிறார். சொன்னதோடு நிற்காமல் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றுகிறார். இதைக் கிறிஸ்தவர்கள் மனந்திரும்புதல் என்பார்கள். அப்புறம் மாதம் இவ்வளவு என்று காசைத் திருப்பித் தருகிறார், அது ஈடுசெய்தல். இதெல்லாம் நடந்து, காலம் போய், அவர் வீட்டு விசேஷத்துக்கு நீங்களும் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவரும் போய்வரும் நிலை திரும்புகிறதே, அதுதான் ஒப்புரவு. பொதுப் பேச்சில் நல்லிணக்கம் என்கிறோம். இதற்கு இரண்டு கை வேண்டும்.

இடையில் நீங்கள் போலீசில் புகார் கொடுத்திருந்தால், அந்த வழக்கு தனியாக ஓடும், அது நீதி. அரசாங்கமே ஒருநாள் “இந்த மாதிரி வழக்குகளை எல்லாம் கைவிடுகிறோம்” என்று அறிவித்தால் அது பொது மன்னிப்பு. அப்படி அறிவிக்கும்போது உங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவே மாட்டார்கள்.

இப்போது ஒன்றை யோசியுங்கள். அவர் மேல் இருந்த கோபத்தை விட்டுவிட்டீர்கள், ஆனால் அவர் இன்னமும் வாங்கவே இல்லை என்று சாதிக்கிறார். அடுத்த வாரம் வந்து இன்னொரு 50,000 கேட்டால் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். அதற்காக உங்களை மன்னிக்கத் தெரியாதவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பணவிஷயத்தில் எல்லோருக்கும் சட்டென்று புரிகிற இந்த வித்தியாசம், கொலையும் அடிமைத்தனமும் இனவெறியும் என்று வரும்போது மட்டும் எப்படியோ மறந்துபோகிறது.

சுருக்கமாக இதுவரை: மன்னிப்பு ஒருவரால் தனியாகச் செய்ய முடிந்தது. ஒப்புரவுக்கு இருவர் வேண்டும், உண்மையும் மாற்றமும் ஈடும் வேண்டும். நீதியும் பொது மன்னிப்பும் அரசின் கையில் இருப்பவை.

சார்ல்ஸ்டன்: மன்னிப்பு மட்டும் நடந்த இடம்

2015 ஜூன் 17, புதன்கிழமை இரவு. அதே தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகரத்தில், ‘மதர் இமானுவேல்’ என்று அன்போடு அழைக்கப்படும் கறுப்பினத் திருச்சபையில் வேதபாட வகுப்பு நடந்துகொண்டிருந்தது. 21 வயது வெள்ளை இளைஞன் ஒருவன் வந்தான். யாரென்று தெரியாதவனுக்கும் இடம் கொடுத்து உட்காரவைத்தார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்திருந்தான். கடைசி ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடியபோது துப்பாக்கியை எடுத்தான். ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்தச் சபையின் போதகரும் மாநில செனட்டருமான கிளெமென்டா பிங்க்னி. இன்னொருவர் 87 வயது மூதாட்டி.

இரண்டே நாளில், ஜூன் 19 அன்று, ஜாமீன் விசாரணை. கொலையாளி சிறையிலிருந்து காணொளித் திரை வழியாக நிற்கிறான். இறந்தவர்களின் குடும்பத்தினரைப் பேச அழைத்தார்கள். தாயை இழந்த ஒரு மகள், இனி அம்மாவோடு பேசவே முடியாது, அணைத்துக்கொள்ளவே முடியாது என்று அழுதுகொண்டே, “உன்னை மன்னிக்கிறேன்” என்றார். இன்னும் சிலரும் அப்படியே சொன்னார்கள். உலகமே அந்தக் காட்சியைப் பார்த்து வாயடைத்துப் போனது. இதைப் பற்றி 2019-இல் ‘இமானுவேல்’ என்ற ஆவணப்படமும் வந்தது.

அன்று அந்த அறையில் பேசப்பட்டவற்றை முழுசாகக் கேட்டால் இன்னும் பல விஷயங்கள் காதில் விழும். சகோதரியைப் பறிகொடுத்த ஒருவர், தான் மிகுந்த கோபத்தில் இருப்பதாகவும், மன்னிக்கத் தான் இன்னும் கற்றுக்கொண்டே இருப்பதாகவும் சொன்னார். மனைவியைப் பறிகொடுத்த ஒருவர், மன்னிக்கிறேன் என்றதோடு, மனந்திரும்பு என்றும் அவனிடம் சொன்னார். கோபம் போய்விட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அதை அப்படிச் சுருக்கியது வெளியிலிருந்து பார்த்தவர்கள்.

கொலையாளி திருந்தினானா? இல்லை. கடைசி விசாரணையில்கூட, இதைச் செய்தாக வேண்டியிருந்தது என்றும், இன்னமும் அப்படியே நினைப்பதாகவும்தான் சொன்னான். 2017 ஜனவரியில் மத்திய நீதிமன்றத்தில் மரண தண்டனை, ஏப்ரலில் மாநில நீதிமன்றத்தில் ஒன்பது ஆயுள் தண்டனைகள். குடும்பத்தினர் மன்னித்தார்கள் என்பதற்காக வழக்கு நிற்கவில்லை, நிற்க வேண்டியதும் இல்லை. மரண தண்டனை சரியா என்பது வேறு விவாதம், அதில் அந்தக் குடும்பங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை.

ஆக, சார்ல்ஸ்டனில் மன்னிப்பு நடந்தது, நீதி நடந்தது, ஒப்புரவு நடக்கவில்லை. நடக்க வழியும் இல்லை, எதிர்ப்பக்கத்துக் கை நீளவே இல்லையே. இதனால் அந்த மன்னிப்பு தோற்றுப்போனதாக அர்த்தமில்லை. அவர்கள் அதைக் கொலையாளியைத் திருத்தும் கருவியாகச் செய்யவில்லை. தங்கள் விசுவாசத்தின்படி, தங்கள் நெஞ்சுக்குள் வெறுப்பு குடியேறக் கூடாது என்று செய்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜாமீன் விசாரணையில் “உன்னை மன்னிக்கிறேன்” என்ற அந்த மகளின் சகோதரி ஷரன் ரிஷர், ஒரு போதகர். அவரால் அந்த வாரத்தில் மன்னிக்க முடியவில்லை. அதை வெளிப்படையாகவே சொன்னார். மன்னிக்கும் இடத்துக்கு வர அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஒரே தாய்க்கு அழுத இரண்டு மகள்கள், ஒருவருக்கு இரண்டு நாள், ஒருவருக்கு இரண்டு வருடம். இதில் ஒருவரை விசுவாசி என்றும் மற்றவரைக் குறைந்தவர் என்றும் தராசு பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. மன்னிப்பு ஒருவர் தானாகக் கொடுப்பது. அடுத்தவர் கேட்டு வாங்கினாலோ, கூட்டம் எதிர்பார்த்து நெருக்கினாலோ அது வேறு ஏதோவாகிவிடும். அமெரிக்காவில் கறுப்பின எழுத்தாளர்கள் பலர் அப்போதே கேட்டார்கள்: எங்களிடம் மட்டும் ஏன் இத்தனை சீக்கிரம் மன்னிப்பை எதிர்பார்க்கிறீர்கள்? நியாயமான கேள்வி.

மனந்திரும்புதலும் ஈடும் எப்படி வேலை செய்கின்றன

வேதாகமத்தைக் காட்டித்தான் பலர் “மன்னித்துவிட்டுச் சும்மா இரு” என்கிறார்கள், அதனால் அங்கேயே போய்ப் பார்ப்போம். யோசேப்பின் கதை எல்லோருக்கும் தெரியும். அண்ணன்மார் அவனை விற்றுவிட்டார்கள். பஞ்ச காலத்தில் அவர்களே எகிப்துக்குத் தானியம் வாங்க வந்தார்கள், அவன் அங்கே அதிபதி. அவன் உடனே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டானா? இல்லை. தன்னை யாரென்று காட்டிக்கொள்ளாமல், தம்பி பென்யமீனை அழைத்து வரச் சொல்லி, அவன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்து, அவர்களை ஒரு இக்கட்டில் நிறுத்தினான். தம்பியை விட்டுவிட்டு அவர்கள் தப்பிக்க முடியும். முன்பு அப்படித்தான் செய்தார்கள். இந்த முறை யூதா முன்னால் வந்து, தம்பிக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் யோசேப்பு அடக்க முடியாமல் அழுது, நான்தான் யோசேப்பு என்கிறான். யோசேப்பின் மனதில் மன்னிப்பு எப்போது வந்தது என்று நமக்குத் தெரியாது. ஆனால் உறவு திரும்பியது அவர்கள் மாறியிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான்.

சகேயுவும் அப்படியே. ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், ஊராரைச் சுரண்டியவன். இயேசு அவன் வீட்டுக்கு வந்ததும் அவன் அழுததாக லூக்கா எழுதவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் எழுந்து நின்று கணக்குச் சொன்னதாகத்தான் எழுதியிருக்கிறார். மலைப்பிரசங்கத்தில் இன்னும் ஒரு படி மேலே: பலிபீடத்துக்குக் காணிக்கையோடு வந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும். நடந்து போக வேண்டியவன் தப்பு செய்தவன். அடிபட்டவனை எழுப்பி நடக்கவைக்கச் சொல்லவில்லை.

இப்போது லாரன்ஸ் ஊருக்குத் திரும்பி வந்தால் பர்டன் கதையில் எது என்ன என்று தெளிவாகத் தெரியும். கென்னடி சோறு கொடுத்தது மன்னிப்பு, இன்னும் சொன்னால் மன்னிப்பின் கனி. பர்டன் க்ளானை விட்டு வந்தது மனந்திரும்புதலின் தொடக்கம்; அதற்கு அவர் வேலையையும் வீட்டையும் விலையாகக் கொடுத்தார். கட்டடத்தைச் சபைக்கு எழுதிக் கொடுத்தது ஈடு. இவை சேர்ந்ததால்தான் அங்கே ஒப்புரவு என்று பேசவே முடிகிறது. சோற்றை மட்டும் காட்டி, பத்திரத்தை விட்டுவிட்டுச் சொன்னால் கதை பாதிதான்.

இனங்களுக்கு இடையே என்றால் ஏன் இன்னும் கடினம்

இரண்டு பேருக்கு நடுவில் நடந்தது ஊருக்கு நடந்ததாகிவிடாது. படத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1997-இல் கட்டடத்தைச் சபை வாங்கியதே, அந்தப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: ஜான் ஹோவர்ட் உயிரோடு இருக்கும்வரை அங்கே கடை நடத்தலாம். சொந்தக்காரர் கறுப்பின ஆலயம், உள்ளே கடை நடத்துவது க்ளான் ஆள். பர்டன் மாறிவிட்டார், கென்னடி மன்னித்துவிட்டார், கடை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று இல்லை. ஏறத்தாழ 15 ஆண்டுகள். கென்னடியின் சபை நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு நடந்து, கட்டடம் சபைக்கே உரியது என்று தீர்ப்பாகி, 2012-ஐ ஒட்டித்தான் கடை மூடப்பட்டது. ஹோவர்ட் 2017-இல் இறந்தார். அந்தக் கட்டடத்தை வெறுப்புக்கு எதிரான ஒரு மையமாக மாற்றும் வேலை அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது.

ஒரு மனிதரின் மனம் சில மாதங்களில் மாறியது. பத்திரத்தில் எழுதியிருந்த ஒரு வரியை மாற்ற 15 ஆண்டுகள் ஆனது. இனவெறி மனதில் மட்டும் இருப்பதாக நினைத்தால் இது புரியாது. அது பத்திரத்தில், சட்டத்தில், எந்தத் தெருவில் யார் வீடு வாங்கலாம் என்பதில், எந்தப் பள்ளிக்கு எவ்வளவு பணம் என்பதில் எல்லாம் எழுதிவைக்கப்பட்டு வந்தது. அங்கெல்லாம் இருப்பதை யாரும் மன்னித்துப் போக்க முடியாது, மாற்றித்தான் எழுத வேண்டும்.

சார்ல்ஸ்டனிலும் இதையே பார்க்கலாம். தென் கரோலினாவின் சட்டமன்ற வளாகத்தில் கான்ஃபெடரேட் கொடி பறந்துகொண்டிருந்தது. அடிமைமுறையைக் காப்பாற்ற 1860-61-இல் பிரிந்துபோய்ப் போர் தொடுத்த தென் மாநிலங்களின் போர்க்கொடி அது. 1960-களின் தொடக்கத்தில், கறுப்பினத்தவர் உரிமைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஏற்றப்பட்டது. கொலையாளி அந்தக் கொடியோடு எடுத்துக்கொண்ட படங்களும் வெளியாகியிருந்தன. ஜூன் 19 அன்று குடும்பங்கள் மன்னித்தார்கள். அடுத்த வாரம் செனட்டர் பிங்க்னியின் சவப்பெட்டி குதிரை வண்டியில் சட்டமன்றத்துக்கு வந்தபோது, தேசியக் கொடியும் மாநிலக் கொடியும் அரைக் கம்பத்தில் இருந்தன, அந்தக் கொடி மட்டும் முழு உயரத்தில் பறந்தது. சட்டமன்றத்தின் வாக்கு இல்லாமல் அதைத் தொட முடியாது என்று சட்டம் இருந்தது. கடைசியில் சட்டமன்றம் வாக்களித்து, ஜூலை 10 அன்று இறக்கினார்கள். மன்னிப்பைக் கேட்டு மனம் கசிந்த உறுப்பினர்கள் இருந்தார்கள் என்பது உண்மை, அந்தக் கசிவு இல்லாமல் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் கொடியை இறக்கியது வாக்கு.

இன்னும் மூன்று ஆண்டுகள் கழித்து, 2018 ஜூனில், சார்ல்ஸ்டன் நகர மன்றம் அடிமைமுறையில் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கிய பெரிய துறைமுக நகரம் அது. உண்மையை ஒப்புக்கொண்டது முதல் படி, அதற்கு மேல் படிகள் நிறைய.

மறுபடி ஒரு சுருக்கம்: தனி மனிதர்களுக்குள் ஒப்புரவு வர உண்மை, மாற்றம், ஈடு போதும். இனங்களுக்குள் என்றால் இவற்றோடு சட்டமும் சொத்தும் பொது இடங்களும் மாற வேண்டும், அதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

பொது மன்னிப்பு: தென்னாப்பிரிக்காவின் பாடம்

இதை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் 1995-இல் ஒரு சட்டம் போட்டு, உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தை அமைத்தார்கள். தலைவர் பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ. 1996 ஏப்ரலில் விசாரணைகள் தொடங்கின. பாதிக்கப்பட்டவர்கள் 21,000-க்கும் மேற்பட்டோர் வாக்குமூலம் கொடுத்தார்கள். கொடுமை செய்தவர்கள், அரசியல் நோக்கத்தில் செய்ததாகவும் முழு உண்மையையும் சொன்னதாகவும் நிரூபித்தால் பொது மன்னிப்புக் கேட்கலாம். 7,000-க்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன, அவற்றில் ஒரு சிறு பங்குக்குத்தான் கிடைத்தது.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: அந்தச் சட்டம் வருத்தம் தெரிவிக்கச் சொல்லவே இல்லை. துளி வருத்தமும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு ஒருவர் வழக்கிலிருந்து விடுபட முடிந்தது. அது அரசு உண்மைக்குக் கொடுத்த விலை. குடும்பங்கள் மன்னித்தார்களா என்பது வேறு கணக்கு. நிறவெறிக்கு எதிராகப் போராடி, போலீஸ் காவலில் கொல்லப்பட்ட ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தினர், எங்கள் நீதியை எங்களிடமிருந்து எடுக்க உங்களுக்கு உரிமையில்லை என்று அரசியல் சாசன நீதிமன்றத்துக்கே போனார்கள், தோற்றார்கள். பிகோவைக் கொன்ற போலீஸ்காரர்கள் பின்னால் கேட்ட பொது மன்னிப்பு மறுக்கப்பட்டது, ஆனால் வழக்கும் நடக்கவில்லை. ஈட்டைப் பொறுத்தவரை, 2003-இல் அரசு ஒரே தவணையாக ஒவ்வொருவருக்கும் 30,000 ராண்ட் அறிவித்தது. ஆணையம் பரிந்துரைத்ததைவிட அது மிகக் குறைவு. உண்மை வெளிவந்த அளவுக்கு ஈடு வரவில்லை என்ற வருத்தம் அந்த நாட்டில் இன்றும் இருக்கிறது.

இந்த மாதிரிப் படங்களைப் பார்க்கும்போது

படம் எடுப்பவர்களுக்கு இரண்டு மணி நேரம்தான். ஒரு மனிதர் மாறுவதைக் காட்டலாம், பத்திர வழக்கு 15 வருடம் இழுத்ததைக் காட்டுவது கஷ்டம். அதனால் இந்த வகைப் படங்கள் மாறுகிற வெள்ளைக்காரரின் பின்னாலேயே கேமராவைக் கொண்டுபோகின்றன. ‘பர்டன்’ படத்துக்கும் அந்தக் குறை உண்டு, பெயரே அவருடைய பெயர்தானே. ஆனால் விட்டேக்கரின் நடிப்பில் அந்தப் போதகர் படும் பாடு தெரிகிறது: மேடையில் அன்பைப் பேசுகிறவர், வீட்டில் பிள்ளைகளின் பயத்துக்கும் சபையின் கோபத்துக்கும் நடுவில் நிற்கிறார், அவருக்கே உள்ளுக்குள் எரிகிறது. அடுத்த முறை பார்க்கும்போது பர்டனை விட்டுவிட்டு அந்தக் குடும்பத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள். மன்னிப்பின் செலவை யார் கட்டினார்கள் என்று தெரியும்.

உங்கள் ஆலயத்திலோ நண்பர்களோடோ இதைத் திரையிடுவதாக இருந்தால், படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு உடனே ஜெபத்துக்குப் போகாமல், ஒரு அரைமணி நேரம் பேச ஒதுக்குங்கள். யார் மன்னித்தார், யார் உண்மையைச் சொன்னார், எதைத் திருப்பிக் கொடுத்தார்கள், எந்தச் சட்டம் மாறியது, எது மாறவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அந்தக் கடை எந்த ஆண்டு மூடப்பட்டது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் பலரும் அது 1997-இலேயே மூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார்கள்.